மறு: 404-க்குத் தமிழ்ச்சொல்: ‘காணாமை’ என முன்மொழிகிறேன்

> ‘பக்கம் இல்லை’ என்றே வைத்துவிடலாம். எளிது, எல்லோருக்கும் புரியும். நிரல் எழுதும்போது ‘பக்கமில்லைப் பிழையைத் திருப்பு’ என்றால் போதும்.

ஐயா, வணக்கம்.

எளிமை வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் ‘பக்கம்’, ‘இல்லை’, ‘திருப்பு’ மூன்றுமே இங்கே பொருந்தவில்லை.

404 என்பது, கேட்டது அகப்படவில்லை என்று இணையத்தளத்தின் கணினி அனுப்பும் நிலைக்குறி. பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல அது. படம், எழுத்துரு, செயலி கேட்கும் தரவு என எது அகப்படாவிட்டாலும் இதே குறிதான்.

பெரிய சிக்கல் ‘இல்லை’ என்பதில் இருக்கிறது. 2022-இல் வெளியான இணையத் தர ஆவணமான ஆர்.எஃப்.சி. 9110 இந்தக் குறிக்குத் தரும் பொருள் இதுதான்: கேட்டதை வழங்கி (சர்வர்) கண்டறியவில்லை, அல்லது அது இருப்பதை வெளியிட விரும்பவில்லை. இந்த நிலை தற்காலிகமா, நிரந்தரமா என்பதையும் 404 சொல்வதில்லை. அனுமதியற்றவர் ஓர் ஆவணத்தைக் கேட்கும்போது ‘அனுமதி இல்லை’ எனும் 403 அனுப்பினால், அங்கே ஏதோ இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தவிர்க்கவும் 404 பயன்படுகிறது. அந்த இடத்தில் ‘இல்லை’ என்பது பொய்யாகிவிடுகிறது.

இங்கே சேலத்தில் மாம்பழம் விற்பவருக்குத் தளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். சீசன் முடிந்ததும் மல்கோவா தீர்ந்துவிடும். ஆனாலும் அந்தப் பக்கத்துக்கு 404 அனுப்பக் கூடாது. பழம்தான் இல்லை, பக்கம் இருக்கிறது. ‘சரி’ எனும் 200 குறியை அனுப்பி, ‘அடுத்த சீசனில் கிடைக்கும்’ என்று ஒரு வரி காட்ட வேண்டும். ஒரு வகையை இனி விற்கவே போவதில்லை என்று கடைக்காரர் முடிவுசெய்து பக்கத்தையும் எடுத்துவிட்டால், அதற்கு ‘நிரந்தரமாக எடுக்கப்பட்டது’ எனும் 410. யாரோ முகவரியை எழுத்துப்பிழையோடு தட்டி, தரவுத்தளத்தில் தேடியும் எதுவும் அகப்படாவிட்டால்தான் 404. கடையில் நின்று கேட்டால் மூன்றுக்கும் ‘இல்லை’ என்ற ஒரே பதில்தான் வரும். நிரலர் பிரித்தறிய வேண்டிய இடமே அதுதான். அந்தச் சொல்லை 404-க்குக் கொடுத்துவிட்டால் 410-க்கு எதைக் கொடுப்போம்?

ஆகவே ‘காணாமை’. தேடியவர் கண்டறியவில்லை என்பதோடு அது நின்றுவிடுகிறது. பொருள் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. ‘காணாமல் போனது’ என்று வாசிப்பார்களே என இந்த இழையில் ஒருவர் கேட்டிருந்தார். காணாமல் போவது பொருள். காணாமை காண்பவரின் நிலை. கல்லாமை, அறியாமை என்று நாம் நாள்தோறும் புழங்கும் அமைப்புதான் இது. ‘கிடைக்காமை’ எனக்கும் பிடித்த சொல், ஆனால் சேவையே தற்காலிகமாகக் கிடைக்காத 503-க்கு அதை வைத்திருப்பது நல்லது.

‘திருப்பு’ என்ற வினையையும் விட்டுவிட வேண்டுகிறேன். 301, 302 குறிகள் வரும்போது வேறு முகவரிக்குத் ‘திருப்பிவிடுதல்’ என்று எழுதுகிறோம், படிப்பவர் குழம்புவார். வழங்கி காணாமையை ‘அறிவிக்கிறது’ என்போம். ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தில் விதிவிலக்காக (exception) எழுதுகிற இடத்தில் ‘காணாமையை எழுப்பு’ எனலாம்.

இன்னொன்றுக்கும் பெயர் தேவை. திரையில் ‘மன்னிக்கவும், கிடைக்கவில்லை’ என்று அழகாக எழுதிவிட்டு, நிலைக்குறியில் 200 அனுப்பும் தளங்கள் ஏராளம். மனிதர் புரிந்துகொள்வார், குறியை நம்பி வேலைசெய்யும் நிரல் அதை நல்ல பக்கம் என்றே எடுத்துக்கொள்ளும். மறுமொழியின் தொடக்கத்தில் குறியோடு போகும் தலைப்புவரிகள் போய்விட்ட பிறகு குறியை மாற்றவும் முடியாது, உள்ளடக்கம் புறப்படும் முன்பே முடிவுசெய்தாக வேண்டும். இதைக் ‘குறியில்லாக் காணாமை’ என்று அழைக்கலாமா? சற்று நீளம்தான். ஆனால் தவறு எங்கே என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

பயனர் பார்க்கும் திரைக்குக் கலைச்சொல் வேண்டியதில்லை. ‘இந்த முகவரியில் எதையும் கண்டறிய முடியவில்லை’ என்ற முழு வாக்கியமே போதும்.

410-க்கு ‘நீக்கம்’ என்று நினைக்கிறேன். தரவை அழிக்கும் கட்டளைக்கும் பலர் அதையே எழுதுவதால் தயங்குகிறேன். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
சேலம், அஸ்தம்பட்டியிலிருந்து