பூனைக்குப் படர்தாமரை ஆறவே மாட்டேன் என்கிறது, எந்த மருந்து வாங்கலாம்?

வாசல்திண்ணை
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பூனைக்குக் காதோரமும் முன்காலிலும் முடி கொட்டி வட்ட வட்டமாக இருக்கிறது. படர்தாமரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆயின்ட்மெண்ட் போட்டோம், மாத்திரையும் கொடுத்தோம். குறைகிற மாதிரி குறைந்து திரும்பவும் வருகிறது. இப்போது சாப்பாட்டையும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு என்று மாமியார் தினமும் சொல்கிறார். வேறு எந்த மருந்து வாங்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

நாகலிங்கப்பூ
சகோ, பதற்றப்படாதீர்கள். சில விவரம் வேண்டும். வயது என்ன? ஆணா பெண்ணா? வெளியே போகுமா? ஆயின்ட்மெண்ட் பெயர், மாத்திரை பெயர், எத்தனை எடைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? டாக்டர் முடியை எடுத்துச் சோதித்தாரா, கண்ணால் பார்த்தே சொன்னாரா? குழந்தையின் உடம்பில் எங்காவது வட்டம் தெரிகிறதா?

கடுக்காய்
மருந்தில் குறை இல்லை, வீட்டில்தான் இருக்கிறது. கொட்டிய முடியோடு பூஞ்சையின் வித்துகள் மெத்தை, பாய், சோபா எல்லாவற்றிலும் கிடக்கும். மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். பூனையை ஆற்றிவிட்டு அதே துணியில் படுக்க விட்டால் திரும்ப வராமல் என்ன செய்யும்? போர்வைகளை சோப்புப் பவுடர் போட்டு இரண்டு தடவை துவையுங்கள். தரையை முதலில் கழுவிவிட்டு, பிறகு தண்ணீர் கலந்த பிளீச்சால் துடையுங்கள், அழுக்கின் மேல் பிளீச் ஊற்றினால் பலன் இல்லை. எங்கள் வீட்டில் 3 பூனைக்கு வந்ததை இப்படித்தான் ஒழித்தோம்.

மூத்தபதிவர்
வாசல்திண்ணை, இந்தப் பகுதியில் கேள்வி கேட்பதற்கு முன் மேலே நிறுத்தி வைத்திருக்கும் பதிவைப் படிக்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்கிறேன். வயது, எடை, ஊர், கொடுத்த மருந்து எதுவும் இல்லாமல் "எந்த மருந்து வாங்கலாம்" என்று கேட்டால் பொறுப்புள்ள யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அடிப்படையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பூனைப் படர்தாமரைக்குப் பெரும்பாலும் காரணம் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் முடி பச்சையாக ஒளிர்ந்தால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒளிரவில்லை என்பதற்காக இல்லை என்றும் ஆகாது. முடியை எடுத்து வளர்த்துப் பார்க்கும் சோதனைதான் நம்பகமானது. அதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பொறுமை இல்லாதவர்கள்தான் பாதியில் மருந்தை நிறுத்திவிட்டு இங்கே வருகிறார்கள்.

செம்பருத்தி_வேலி
அக்கா, இவ்வளவு குழப்பம் வேண்டாம். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுங்கள். எங்கள் ஆச்சி மாட்டுக்கும் நாய்க்கும் அதுதான் போடுவார். செலவும் இல்லை.

மூத்தபதிவர்
பூனை மாடு இல்லை. தடவியதை எல்லாம் நக்கி விழுங்கிவிடும். நமக்கும் நாய்க்கும் கல்லீரல் எளிதாகக் கழித்துவிடும் பல பொருள்களைப் பூனையின் கல்லீரலால் கழிக்க முடியாது. பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். டீ ட்ரீ எண்ணெயும் விஷம். நாய்க்கு உண்ணி போக விடுகிற பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டால் வலிப்பு வந்து சாகும். தெரியாத எண்ணெயைத் தடவு என்று இங்கே எழுதக்கூடாது.

செம்பருத்தி_வேலி
பாராசிட்டமாலும் வேப்பெண்ணெயும் ஒன்றா சார்? நான் என் பூனைக்குப் போட்டு ஆறியது, அதைச் சொன்னேன்.

கிணற்றடி
ஆறியது உண்மையாகவே இருக்கும் சகோ. நல்ல ஆரோக்கியமான பூனைக்குப் படர்தாமரை எதுவும் போடாமலேயே சில மாதத்தில் தானாக ஆறுவது உண்டு, அதன் உடம்பே பூஞ்சையை அடக்கிவிடும். கடைசியாகப் போட்ட மருந்துக்குப் பெயர் கிடைத்துவிடும். அதுவரைக்கும் வித்து உதிர்ந்துகொண்டே இருக்கும் என்பதால்தான் மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.

செம்பருத்தி_வேலி
அப்படியானால் ஆங்கில மருந்துக்கும் அதேதானே? அது ஆற்றியதா, தானாக ஆறியதா என்று யார் பார்த்தார்கள்?

மூத்தபதிவர்
இதைத் தனி இழையில் பேசுங்கள்.

வாசல்திண்ணை
மன்னிக்கவும், குழந்தைக்குச் சளி, வர முடியவில்லை. ஆண் பூனை, 3 வயது இருக்கலாம், தெருவிலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கருத்தடை செய்யவில்லை. ராத்திரி வெளியே போய்விடும், அடிக்கடி கடிபட்டு வரும். எடை பார்க்கவில்லை. ஆயின்ட்மெண்ட் வீட்டில் இருந்தது, கொழுந்தனாருக்கு மெடிக்கலில் கொடுத்த டியூப். அதில் குளோபெட்டசால் என்று முதலில் போட்டிருக்கிறது, பிறகு இன்னும் இரண்டு பெயர். மாத்திரை கீட்டோகோனசோல், பாதி. வாயில் நாற்றம் அடிக்கிறது, எச்சில் வடிகிறது. ஊர் தஞ்சாவூர் பக்கம்.

நாகலிங்கப்பூ
இதைத்தான் கேட்டேன் சகோ. இப்போது படம் தெளிவாகிறது.

முதலில் அந்த டியூபை நிறுத்துங்கள். குளோபெட்டசால் கடுமையான ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் உடனே அமுக்கும், கூடவே அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பையும் அமுக்கும். மேலே ஆறுவது போல் தெரிய, பூஞ்சை அடியில் பரவும். குறைந்து குறைந்து திரும்ப வருவதற்கு இதுவே ஒரு காரணம். மருந்துக்கடைகளில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற இந்தக் கலவை டியூப்களால் மனிதர்களுக்கே படர்தாமரை ஆறாமல் தோல் டாக்டர்கள் திண்டாடுகிறார்கள். நக்கினால் பூனையின் உடம்புக்குள்ளும் போகும்.

கீட்டோகோனசோல் பூனைக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து. பசி போகும், வாந்தி வரும், கல்லீரல் கெடலாம். இட்ராகோனசோல்தான் இப்போது பூனைக்கு வழக்கமாகக் கொடுப்பது, ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் விடுவார்கள். அளவை டாக்டர் எடை பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை வேறு. கருத்தடை செய்யாத கடுவன், தெருச்சண்டை, கடிகாயம், வாய்நாற்றம், எச்சில், ஆறாத தோல். இப்படிச் சேர்ந்து வந்தால் எஃப்.ஐ.வி. என்ற வைரஸைச் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும். 1986-இல் கலிஃபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் கண்டுபிடித்தது. மனிதர்களின் எச்.ஐ.வி.க்கு உறவு. அதைப் போலவே நோயை எதிர்க்கிற சிடி4 என்ற ரத்த வெள்ளையணுக்களை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு போகும். பரவுவது முக்கியமாகக் கடியால். பூனைக்கு வரும், மனிதருக்கு வராது, குழந்தைக்கும் வராது. இதை மாமியாரிடம் முதலில் சொல்லுங்கள். கூடவே பூனை லுகேமியா வைரஸையும் பார்க்க வேண்டும், அது எச்சிலில், ஒரே தட்டில் தின்பதில், ஒன்றையொன்று நக்குவதில் பரவும். ஒரே சோதனைக் கிட்டில் சில சொட்டு ரத்தத்தில் இரண்டுக்கும் விடை தெரியும்.

படர்தாமரை வந்தாலே எஃப்.ஐ.வி. என்று அர்த்தம் இல்லை. உங்கள் பூனைக்கு அது இல்லாமலும் இருக்கலாம். ஆனால் விடை தெரிவதற்கு முன் யாராவது கிரிசியோஃபல்வின் என்ற பூஞ்சை மாத்திரையை எழுதிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எஃப்.ஐ.வி. உள்ள பூனைக்கு அது எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடக்கூடும்.

சாப்பிடாமல் இருப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குப் பக்கம். கிட் இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொண்டு நாளைக்கே போங்கள்.

கடுக்காய்
வைரஸ் இருக்கட்டும், படுக்கையைத் துவைக்காமல் எந்த மாத்திரையும் நிற்காது. அதை மறக்க வேண்டாம்.

பின்கட்டு
எனக்கு ஒன்று தோன்றுகிறது. இந்தச் சோதனையே வேண்டாம். எஃப்.ஐ.வி.க்கு மருந்து இல்லை. பாசிட்டிவ் என்று ஒரு தாள் வந்துவிட்டால் அந்த வீட்டில் பூனைக்கு இடம் இருக்காது. எங்கள் தெருவில் அப்படி ஒரு பூனையை மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வந்தார்கள். தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தால் அது இன்னும் உயிரோடு இருந்திருக்கும்.

கிணற்றடி
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் தெரியாமல் இருந்தால் தப்பான மாத்திரை கொடுப்போம். கருத்தடை செய்து வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் எஃப்.ஐ.வி. பூனை பல வருடம் நன்றாகவே வாழும். கொண்டுபோய் விட்டால் அங்கே இருக்கிற கடுவன்களோடு சண்டை போட்டு அவற்றுக்கும் கொடுக்கும்.

பின்கட்டு
வீட்டுக்குள் வைக்கிற வசதி எல்லாருக்கும் இருக்கிறதா? இரண்டு அறை வீட்டில் கைக்குழந்தையோடு எங்கே வைப்பார்?

நாகலிங்கப்பூ
குளியலறைக்குப் பக்கத்தில் ஒரு மூலை போதும், கழுவ எளிதான இடமாக இருந்தால் நல்லது. பூனையைத் தொட்ட பின் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். குழந்தையின் உடம்பில் வட்டம் தெரிந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், அந்த டியூபைத் தடவிவிட வேண்டாம்.

மூத்தபதிவர்
நாகலிங்கப்பூ சொன்னது சரி. ஒன்றை விட்டுவிட்டார். எஃப்.ஐ.வி. கிட் காட்டுவது வைரஸை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. தொற்று புதிதாக இருந்தால் நெகட்டிவ் காட்டும். அண்மையில் கடிபட்டிருந்தால் 60 நாள் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். இதெல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்தது, யாரும் படிப்பதில்லை.

வாசல்திண்ணை
போய் வந்தோம். எஃப்.ஐ.வி. பாசிட்டிவ், லுகேமியா இல்லை. ஈறு முழுக்கப் புண், அதனால்தான் சாப்பிடவில்லையாம். சலைன் ஏற்றினார்கள், மாத்திரையை மாற்றினார்கள், வாரம் இரண்டு தடவை குளிப்பாட்ட மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்பு. தேறிய பிறகு கருத்தடை. இன்று கொஞ்சம் மீன் குழைவு தின்றது. குழந்தையின் கழுத்தில் ஒரு வட்டம் இருக்கிறது, நாளைக்குத் தோல் டாக்டர். நன்றி.

நாகலிங்கப்பூ
நல்லது சகோ. மாற்றிக் கொடுத்தது இட்ராகோனசோல்தானா? வீட்டில் வேறு பூனை இருக்கிறதா?

கடுக்காய்
மெத்தையைத் துவைத்தீர்களா?

செம்பருத்தி_வேலி
அக்கா, மாமியார் என்ன சொன்னார்?