மறு: இன்ஸ்டிட்யூஷனுக்கு ‘நிறுவனம்’ சரிதானா? – ‘முறைக்கட்டு’ என்றொரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

இன்ஸ்டிட்யூஷன் என்ற ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். துண்டு துண்டாகப் பதில் சொல்வதைவிட ஒரே மடலாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘நிறுவனம்’ பாடநூல்களில் நிலைத்துவிட்டது. சமூகவியலில் குடும்பம், திருமணம் எல்லாமே சமூக நிறுவனங்கள்தான். இருப்பதை ஏன் கலைக்க வேண்டும்?

பாடநூலில் நிலைத்தது உண்மைதான். ஆனால் ‘ஒரு நாட்டின் வளர்ச்சியை அதன் நிறுவனங்களே தீர்மானிக்கின்றன’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் மனத்தில் கம்பெனிகள்தான் வரும். தனியார் நிறுவனம், நிதி நிறுவனம், கட்டுமான நிறுவனம் என்று தினமும் கண்ணில் படுகிற சொல் அது. இன்ஸ்டிட்யூஷனுக்கும் நாட்டின் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 2024-ல் பொருளியல் நோபெல் பெற்ற டேரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் மூவரின் ஆய்வைத் தமிழில் சொல்ல முயன்றால் முதல் வரியிலேயே இந்தச் சொல் காலை வாரிவிடும்.

1993-ல் பொருளியல் நோபெல் பெற்ற டக்ளஸ் நார்த் இதைத் தெளிவாகப் பிரித்தார். இன்ஸ்டிட்யூஷன் என்பது ஆட்டத்தின் விதிகள். ஆர்கனைசேஷன் என்பது ஆடுகிறவர்கள். விதிகளில் எழுதியவையும் உண்டு, எழுதாதவையும் உண்டு. அரசமைப்பும் சொத்துச் சட்டமும் ஒரு பக்கம். வழக்கமும், சொன்ன சொல் காக்கும் பழக்கமும், ஊரார் என்ன நினைப்பார்களோ என்ற அச்சமும் மறுபக்கம். இரண்டையும் சேர்த்து, மனிதர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட கட்டுகள் என்பது அவர் பார்வை. விதிக்கும் ஆளுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அவர் போட்ட கோடே அழிந்துபோகிறது.

நமக்குத் தெரிந்த ஏரிப் பாசனத்தையே பாருங்கள். பொதுப்பணித் துறை ஓர் ஆர்கனைசேஷன். எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடைக்குத் தண்ணீர் போகும்வரை தலைமடைக்காரர் காத்திருக்க வேண்டுமா, நீர்ப்பாய்ச்சிக்குக் களத்தில் எவ்வளவு நெல் அளப்பது, வரத்துக் கால்வாய் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டுமா – இவைதான் இன்ஸ்டிட்யூஷன். துறை அலுவலகம் அப்படியே நிற்கும்போதே இந்த ஏற்பாடு செத்துப்போன ஊர்கள் எத்தனையோ. ஏன் செத்தது என்று கேட்பதற்கே தனிச்சொல் வேண்டும்.

சரி, எந்தச் சொல் வந்தாலும் ஓர் உண்மையான நாட்டின் கதையை அதை வைத்துச் சொல்லிப் பார்ப்பதே நல்ல சோதனை. நான் எடுத்துக்கொள்வது தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே உள்ள போட்ஸ்வானா.

1966-ல் விடுதலை பெற்றபோது அந்த நாட்டில் தார்ச்சாலை ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான். நிர்வாகத் தலைநகரமே நாட்டுக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மஃபெகிங்கில் இருந்தது. பெரும்பகுதி கலஹாரி வறள்நிலம். நாணயத்துக்குப் பெயர் வைத்தபோது மழை என்று பொருள்படும் ‘புலா’வை எடுத்துக்கொண்டார்கள் என்றால் மழைக்கு அங்கே என்ன மதிப்பு என்று புரியும். அந்த நாடு அடுத்த முப்பது ஆண்டுகளில் உலகிலேயே மிக வேகமாக வளர்ந்த நாடுகளில் ஒன்றானது. வைரம் கிடைத்தது, அதனால் வளர்ந்தது என்று சொல்லி முடித்துவிட முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலும் வைரம் கிடைத்தது, 1930-லேயே.

வித்தியாசம் எங்கே? போட்ஸ்வானாவின் பெரும்பான்மை மக்களான த்ஸ்வானாக்களின் ஊர்களில் ‘கொட்லா’ என்ற ஊர்க்கூட்டம் உண்டு. அது கூடும் இடம், மாட்டுத் தொழுவத்தை ஒட்டி, மரக்கம்பங்களைப் பிறை வடிவில் நெருக்கமாக நட்டு, காற்றுத் தடுப்புபோல் எழுப்பிய திறந்தவெளி. தலைவர் நடுவில் உட்காருவார். மற்றவர்கள் அவரவர் முக்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொள்வார்கள். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், தலைவரைக் கண்டித்தும் பேசலாம். கடைசியில்தான் தலைவர் வாய் திறப்பார், கூடியவர்களின் மனம் போகிற திசையைப் பார்த்து முடிவு சொல்வார். ‘மக்களால்தான் தலைவன் தலைவன்’ என்பது அவர்கள் பழமொழி. இதைக் ‘கொட்லா என்ற நிறுவனம்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கொட்லாவுக்கு உறுப்பினர் பதிவேடு கிடையாது, செயலாளர் கிடையாது. அது ஒரு முறை.

அந்த முறை காலனிக் காலத்தில் தப்பியதற்கும் காரணம் உண்டு. 1895-ல் மூன்றாம் காமா, செபெலே, பாதோவன் என்ற மூன்று தலைவர்கள் லண்டனுக்கே போய், எங்கள் நாட்டை பிரிட்டிஷ் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸின் கம்பெனியிடம் ஒப்படைக்காதீர்கள் என்று முறையிட்டார்கள். பிரிட்டிஷ் பாதுகாப்பு தொடர்ந்தது; ஆனால் அந்த வறண்ட நிலத்தில் பிரிட்டனுக்கு அக்கறை குறைவு, உள்ளே அதிகம் கை வைக்கவில்லை. சியரா லியோனில் நேர்மாறு. 1896-ல் உள்நாட்டைத் தன் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்த பிரிட்டன், சில குடும்பங்களை மட்டும் ஆளும் குடும்பங்களாக ஏற்று, அவற்றிலிருந்து வாழ்நாள் தலைவர்களை வைத்தது. அவர்கள் பதில் சொல்ல வேண்டியது மாவட்ட அதிகாரிக்கு, ஊராருக்கு அல்ல. வைரம் வந்தபோது அதைத் தோண்டும் தனியுரிமை ஒரே கம்பெனிக்குப் போனது. விடுதலைக்குப் பிறகு சியாக்கா ஸ்டீவன்ஸ் ஆட்சியில் அதே வருமானம் ஆட்களைக் கையில் வைத்துக்கொள்ளப் பயன்பட்டது.

போட்ஸ்வானாவில் ஓராபாவில் வைரம் கண்டெடுக்கப்பட்டது 1967-ல். அது முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் சொந்தக் குடியான பாமங்வாட்டோவின் பகுதி. அவர் அந்தக் குடியின் தலைமை வாரிசாகப் பிறந்தவர். அதே ஆண்டு வந்த சட்டம், குடிகளிடம் இருந்த கனிம உரிமையை நாட்டின் பொது உரிமையாக்கியது. தன் குடிக்கே போயிருக்கக்கூடிய செல்வத்தை அவர் எல்லோருக்குமாக மாற்றினார், குடிகளும் பேசி ஒப்புக்கொண்டன. சுரங்கக் கம்பெனியில் அரசின் பங்கு முதலில் 15 விழுக்காடுதான். 1975-ல் அது 50 ஆனது. இந்தக் கதையில் சட்டம் எது, வழக்கம் எது என்று கத்தி வைத்துப் பிரிக்க முடியவில்லை. எழுதிய விதியை எழுதாத விதி தாங்கி நிற்கிறது. நமக்கு வேண்டிய சொல் இரண்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1991 ஜனவரியில் போட்ஸ்வானாவின் மவுன் ஊர்க் கொட்லாவில் அமைச்சர் முன்னிலையில் மக்கள் மணிக்கணக்காக எழுந்து எழுந்து பேசினார்கள். ஒக்கவாங்கோ கழிமுகத்தின் போரோ ஆற்றைத் தோண்டி ஆழப்படுத்தும் திட்டம் வேண்டாம் என்பதே எல்லோர் பேச்சும். அரசு திட்டத்தை நிறுத்திவைத்து, வெளியார் ஆய்வுக்கு விட்டு, பிறகு கைவிட்டது. சியரா லியோனில் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அதே ஆண்டு மார்ச்சில்.

இப்போது சொற்களுக்கு வருவோம். ‘அமைப்பு’ – தொண்டு அமைப்பு, தொழிலாளர் அமைப்பு என்று மறுபடியும் ஆர்கனைசேஷன்தான். ‘கட்டமைப்பு’ என்றால் சாலையும் பாலமும். ‘விதியமைப்பு’ எழுதிய சட்டத்தோடு நின்றுவிடும். போதாததற்குத் தலைவிதியும் கூடவே வரும்.

> ‘நெறிக்கட்டு’ எப்படி? நெறி என்பது அழகான சொல், எழுதாத வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளும்.

அழகுதான். ஆனால் காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் ‘நெறி கட்டியிருக்கு’ என்போமே, அது எங்கள் பக்கத்தில் இன்றும் புழங்குகிறது. அதைவிட முக்கியமான தடை வேறு. நெறி என்றால் நல்வழி. பெல்ஜிய அரசர் லியோபோல்டின் காங்கோவில் ரப்பர் குறைந்தால் ஊரையே தண்டித்ததும் இன்ஸ்டிட்யூஷன்தான், தீண்டாமையும் இன்ஸ்டிட்யூஷன்தான். அவற்றை நெறி என்று எழுதக் கூடாது.

‘முறையம்’ என்று வந்த பரிந்துரை சுருக்கமானது. ஆனால் ஆணையம், வாரியம், மையம் என்று பழகிய காதுக்கு அதுவும் ஒரு அலுவலகமாகவே கேட்கும். கொழும்பு அன்பர் சொன்ன ‘வழமை’ எனக்கு மிகவும் பிடித்தது. தேசவழமை என்று டச்சுக்காரர் காலத்தில், 1707-ல், தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணச் சட்டத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. ஆயினும் அரசமைப்பையும் மத்திய வங்கிச் சட்டத்தையும் ‘வழமை’ என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

‘முறை’ என்ற சொல்லிடம் வருகிறேன். ஜமீன்தாரி முறை, கொத்தடிமை முறை, குத்தகை முறை, தேவதாசி முறை. தமிழ் ஏற்கெனவே இந்தப் பொருளை இந்தச் சொல்லால்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் இவற்றில் சிலவற்றுக்கு சிஸ்டம் என்று இருக்கிறது என்பது தெரியும்; ஆனால் குறிக்கும் பொருள் நார்த் சொன்னதேதான். கொண்டான் கொடுத்தான் உறவில் முறை உண்டு, வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது உண்டு. அப்புறம், ‘முறைகேடு’ என்ற சொல் இருக்கிறதே, அதனால் இதுவும் நன்மைப் பக்கம் சாய்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘கொத்தடிமை முறை ஒழிப்பு’ என்று நாம் தயங்காமல் எழுதுகிறோம். கெட்டதற்கும் அது இடம் கொடுக்கிறது என்பதற்கு அதுவே போதும்.

ஆனால் வெறும் ‘முறை’ கலைச்சொல்லாக நிற்காது. ‘மூன்று முறை’, ‘செய்முறை’ என்று பல பக்கம் இழுக்கும். ‘முறைமை’யோ இலங்கையில் சிஸ்டத்துக்கு உறுதியாக நிலைத்துவிட்டது, அதைப் பிடுங்க நமக்கு உரிமையில்லை. ஆகவே என் பரிந்துரை ‘முறைக்கட்டு’. ஊர்க் கட்டுப்பாடு, கட்டுக்கோப்பு என்பவற்றில் இருக்கிற ‘கட்டு’ இது. நார்த் சொன்ன கட்டு என்ற கருத்தும் உள்ளே வந்துவிடுகிறது, பல விதிகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதும் வந்துவிடுகிறது. ‘நிறுவனம்’ ஆர்கனைசேஷனுக்கே இருக்கட்டும், அதை அசைக்க வேண்டாம்.

> இதெல்லாம் பண்பாடுதானே? ‘பண்பாடு’ என்றே எழுதிவிட்டால் புதுச்சொல்லே வேண்டாமே.

இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். த்ஸ்வானாக்களின் மொழியான செத்ஸ்வானா பேசுகிறவர்கள் போட்ஸ்வானாவைவிடத் தென்னாப்பிரிக்காவில்தான் அதிகம். அதே மொழி, அதே கொட்லா, அதே பழமொழி. அங்கிருந்த நிறவெறி அரசு அவர்களுக்கென்று போபுதத்ஸ்வானா என்ற பொம்மை நாட்டை 1977-ல் உருவாக்கியது. துண்டு துண்டான நிலம், அதன் தலைவர் லூகாஸ் மங்கோப்பேயின் பிடி, 1994-ல் அது இல்லாமலே போனது. பண்பாடு ஒன்றேதான், முறைக்கட்டு வேறு. இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுத முடிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

போட்ஸ்வானாவை உச்சியில் வைத்துக் கொண்டாடவும் இல்லை. பழைய கொட்லாவில் பெண்களுக்குப் பேச்சில்லை. பசார்வா என்ற வேட்டைக் குடி மக்கள் (சான் மக்கள்) மத்திய கலஹாரியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்; 2006-ல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லும்படி ஆயிற்று. செல்வ ஏற்றத்தாழ்வு இன்றும் கடுமை. ஒரே கட்சி 58 ஆண்டுகள் ஆண்டு, 2024 தேர்தலில்தான் தோற்று, அமைதியாக ஆட்சியை ஒப்படைத்தது. யாருக்கு முறை உண்டு, யாருக்கு இல்லை என்பதும் முறைக்கட்டுக்குள்ளேயே அடங்கிய கேள்வி.

கிளைச்சொற்களுக்கு என் முன்மொழிவு: எழுதிய முறைக்கட்டு, எழுதாத முறைக்கட்டு, முறைக்கட்டு மாற்றம், முறைக்கட்டுப் பொருளியல். அசெமோக்லு, ராபின்சன் பிரிக்கும் இரு வகைக்குப் ‘பறிப்பு முறைக்கட்டு’, ‘பகிர்வு முறைக்கட்டு’ என்று வைக்கலாம். இரண்டாவதற்கு ‘உள்ளடக்கிய’ என்பது செய்திகளில் பழகியிருக்கிறது. ஆனால் அதிகாரமும் வாய்ப்பும் பலர் கைக்குப் போகிறது என்பதை அது சொல்லவில்லை.

வினைச்சொல்தான் இன்னும் அமையவில்லை. ‘முறைக்கட்டாக்கு’ நாக்கில் புரளவில்லை, ‘முறைப்படுத்து’ வேறு பொருளுக்குப் போய்விட்டது. ‘மரபாக்கு’ சில இடங்களில் பொருந்தலாம், சட்டம் பற்றிய இடங்களில் பொருந்தாது. இலங்கை அன்பர்கள் ‘முறைக்கட்டு’ உங்கள் காதுக்கு ‘முறைமை’யோடு குழம்புகிறதா என்றும், மற்றவர்கள் இந்த வினைக்கு என்ன செய்யலாம் என்றும் எழுதுங்கள்.