பிரிட்டன் இண்டி சிங்கிள்ஸ் முதலிடங்கள்: ஓர் ஆண்டுப் பட்டியல் தொகுப்பது எப்படி?

கேள்வி: பிரிட்டனின் இண்டி சிங்கிள்ஸ் பட்டியலில், அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராத தனி லேபிள்கள் (இசை வெளியீட்டு நிறுவனங்கள்) தனித்தனியாக வெளியிட்ட பாடல்களின் விற்பனைப் பட்டியலில், ஓர் ஆண்டு முழுக்க முதலிடம் பிடித்தவற்றைத் தொகுக்கிறேன். 1980களின் பட்டியலில் பாப் பாடகி கைலி மினோக் வருகிறாரே, சரியா?

பதில் 1: சரிதான். 1980 ஜனவரியில் தொடங்கிய அந்தப் பட்டியல் இசையின் பாணியைப் பார்க்கவில்லை, விநியோகத்தைத்தான் பார்த்தது. பெரிய நிறுவனங்களைச் சாராத விநியோகஸ்தர் வழியாக இசைத்தட்டு கடைக்குப் போனால் போதும். அவருடைய பிடபிள்யூஎல் லேபிள் அப்படித்தான் தகுதி பெற்றது. கிட்டார் இசைக்குழுக்களை மட்டும் எடுத்தால் பட்டியல் பொய்யாகிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பதில் 2: 2009 ஜூனில் விதி மாறியது. அதற்குப் பின் உரிமைதான் அளவுகோல்: லேபிளில் பாதிக்கு மேல் பெரிய நிறுவனத்திடம் இருக்கக் கூடாது, விநியோகம் யார் கையில் இருந்தாலும் பரவாயில்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் துணை லேபிள்களைத் தனி விநியோகம் வழியாக நுழைத்த ஓட்டை அதோடு அடைபட்டது. 2011இல் எக்ஸ்எல் லேபிளில் வந்த பாடகி அடெல் இரண்டு விதிப்படியும் சேர்வார்.

பதில் 1: தேதியில்தான் பலரும் சறுக்குவார்கள். 2015 ஜூலை முதல் பட்டியல் வாரம் வெள்ளி முதல் வியாழன் வரை. அதற்கு முன் ஞாயிறு முதல் சனி வரை. டிசம்பர் கடைசி வாரம் எந்த ஆண்டில் சேரும் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாடல்களின் எண்ணிக்கையும் வாரங்களின் எண்ணிக்கையும் தனித்தனி நிரலில் இருக்கட்டும். இறங்கிப்போய் மறுபடி முதலிடம் வந்த பாடலை இரண்டு பாடலாக எண்ணிவிடாதீர்கள்.