நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்ட நாட்கள்

ஆட்டிச நிலையாளர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமான தொண்டு நிறுவனம் ஒன்றில் எனக்கு இது ஒன்பதாவது வருஷம். புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லாரும் வெற்றிக் கதைதான் கேட்கிறார்கள். "பேசாத பிள்ளை பேசிச்சாமே, அதைச் சொல்லுங்க சார்." என்னிடம் அப்படிப்பட்ட கதை அதிகமில்லை. கோட்டை விட்ட கதைதான் நிறைய இருக்கிறது. வேலை பிடிபட்டதே அவற்றால்தான். அதனால் இந்த வேலையில் இருக்கும் உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன்: நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு சம்பவம். முதலில் என்னுடையது, அடுத்து ஒவ்வொருவராக உங்களுடையது.

நான் சேர்ந்து நான்காவது மாதம். ஆறு வயதுப் பையன் ஒருவன் சனிக்கிழமைக் குழுவுக்கு வருவான். கால் மணி நேரம் மரத்துண்டுகளைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்குவான். பிறகு திடீரென்று, "பெல்ட் போட்டாச்சா? பெல்ட் போட்டாச்சா?" அப்பாவின் குரலே வந்துவிடும், கடைசி 'சா'வில் உள்ள இழுப்பு உட்பட. எக்கோலேலியா, அதாவது கேட்டதை அப்படியே திரும்பச் சொல்வது, என்ற சொல்லை அப்போதுதான் படித்திருந்தேன். படித்த சொல்லை ஒட்டிப் பார்க்க ஓர் ஆள் கிடைத்த குஷி எனக்கு. பதிவேட்டில் "காரணமில்லாமல் வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான், கவனத்தைத் திருப்பவும்" என்று எழுதினேன். திருப்பினோம். அவன் சொல்வான், நாங்கள் பந்தைக் காட்டுவோம், அவன் இன்னும் சத்தமாகச் சொல்வான், கடைசியில் தன் கையைக் கடித்துக்கொள்வான். இப்படி மூன்று வாரம்.

நான்காவது வாரம் அவன் அப்பா சீக்கிரம் வந்து கதவோரம் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் சார், வீட்டுக்குப் போகணும்னு கேட்டுட்டே இருக்கானே, யாருமே பதில் சொல்ல மாட்டேங்கறீங்க?" என்றார்.

காரில் ஏறியதும் அவர் தினமும் கேட்கும் கேள்வி அது. பையனுடைய அகராதியில் அதற்கு "கிளம்பலாம்" என்று பொருள். மூன்று வாரமாக அவன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். நாங்கள் பந்து காட்டியிருக்கிறோம்.

ஆட்டிசத்தைப் பற்றி 11 பிள்ளைகளை வைத்து 1943-ல் பேர்பெற்ற கட்டுரை எழுதிய மனநல மருத்துவர் லியோ கன்னர், 1946-ல் இந்த மாதிரிப் பேச்சுக்கென்றே தனியாக ஒரு கட்டுரை எழுதினார். சம்பந்தமில்லாமல் ஒலிக்கும் வாக்கியத்துக்குப் பின்னால் பிள்ளை நிஜமாகவே பார்த்த, கேட்ட ஒரு நிகழ்ச்சி இருக்கிறது என்று அதில் காட்டியிருக்கிறார். நான் அதை வாசித்தது எல்லாம் முடிந்த பிறகு. இப்போது எந்தக் குடும்பம் வந்தாலும் முதல் நாளே ஒரு தாள் கொடுத்து நிரப்பச் சொல்கிறோம்: பிள்ளை அடிக்கடி சொல்லும் வாக்கியம், முதலில் அதை எங்கே கேட்டிருக்கும், இப்போது எந்த நேரத்தில் சொல்கிறது. பதிவேட்டில் நான் எழுதிய அந்த வரியை மட்டும் அடிக்கவில்லை. புதியவர்களிடம் காட்டுவதற்கு வைத்திருக்கிறேன்.

• • •

உதவி எண்ணில் அழைப்பு எடுப்பவள் நான். முகம் தெரியாத வேலை, குரலை வைத்தே எல்லாவற்றையும் ஊகிக்க வேண்டும். தப்பு நடக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஓர் அம்மா அழைத்தார். பின்னணியில் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். மெதுவாகத்தான் பேசினார். "மேடம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மொபைல் கொடுத்தா ஆட்டிசம் வரும்?" தகவல் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் வகுப்பெடுத்தேன். மொபைலால் வருவதில்லை, பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு, மரபணுக்களுக்குப் பெரிய பங்கு. அவர் தடுப்பூசி பற்றிக் கேட்கவே இல்லை, அதையும் சேர்த்துக்கொண்டேன்: 1998-ல் லான்செட் இதழில் 12 பிள்ளைகளை வைத்து வந்த கட்டுரை, 2010-ல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது, எழுதியவரின் மருத்துவர் பதிவும் அதே வருஷம் போனது. பத்து நிமிஷம். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "இதை எங்க மாமியார்கிட்ட நீங்களே சொல்றீங்களா மேடம்? போனை வெளியே கொண்டுபோய்க் கொடுக்கவா?" என்றார்.

குழாயை ஏன் திறந்துவிட்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மா மேல் பழி போடுவது இன்றைக்கு நேற்று வந்ததில்லை. மொபைல் வருவதற்கு முன்பு, அம்மாவிடம் பாசம் போதவில்லை என்றார்கள். வீட்டுப் பெரியவர்கள் சொன்னால்கூடப் போகிறது, மருத்துவர்களே சொன்னார்கள். 'குளிர்பதனப் பெட்டி அம்மா' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசம் உள்ள பையனுக்கு அப்பா, 1964-ல் இது உடல் சார்ந்த காரணத்தால் வருவது என்று விரிவாக வாதாடிய பிறகுதான் அந்தப் பேச்சு ஆட்டம் காண ஆரம்பித்தது. அடுத்த வருஷமே அவரும் மற்றப் பெற்றோரும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிரிட்டனில் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1962-ல், லோர்னா விங் முதலான பெற்றோர் ஒன்று தொடங்கியிருந்தார்கள். நாம் இன்று பார்க்கும் இந்த வேலையே குற்றவாளிக் கூண்டில் நின்ற பெற்றோர் ஆரம்பித்து வைத்ததுதான்.

இப்போதெல்லாம் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்பு, "இதை யார் உங்ககிட்ட சொன்னாங்க?" என்று கேட்கிறேன். பாதி அழைப்புகளில் விஷயம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. ஒரு தடவை, "எங்க அண்ணன் சொன்னார், உடம்புல இருக்கிற உலோகத்தை மருந்து கொடுத்து எடுத்துட்டா சரியாயிடுமாம், நாளைக்கு முதல் டோஸ்" என்று வந்தது. கீலேஷன் என்கிற இந்த உலோகம் எடுக்கும் சிகிச்சையில் 2005-ல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இறந்திருக்கிறது. அந்த அழைப்பை நான் ஒன்றேகால் மணி நேரம் வைக்கவே விடவில்லை. அண்ணனையும் பேச வைத்தேன். ஊசி போடவில்லை என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னார்கள்.

• • •

என்னுடையது சின்னது, ஆனால் வெட்கக்கேடு.

பேச்சு வராத பிள்ளைகளுக்குப் படப் பலகை செய்து கொடுக்கும் பிரிவு என்னுடையது. ஒரு சிறுமிக்கு இருபத்து நான்கு அட்டை செய்தேன். தண்ணீர், பந்து, ஊஞ்சல், பாட்டு, கழிப்பறை, அம்மா, அப்பா. லேமினேட் போட்டு, மூலையெல்லாம் குத்தாமல் வளைத்து வெட்டி, பின்னால் வெல்க்ரோ ஒட்டி, இரண்டு ராத்திரி வேலை. அட்டையைக் கொடுத்துக் கேட்டதை வாங்கும் இந்த முறை 1985-லிருந்து இருக்கிறது, நன்றாகவே வேலை செய்யும். அவளும் வேகமாகப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் ஊஞ்சலில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். போதும் போல, இறங்கினாள். பலகைக்குப் போனாள். ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் பார்த்து, திரும்ப ஒட்டி, அடுத்ததை எடுத்து... இருபத்து நான்கையும் பார்த்தாள். பிறகு பலகையைத் தரையில் ஓங்கி அடித்தாள். 'சவாலான நடத்தை' என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஆயாம்மாதான் சொன்னார், "வேணாம்னு சொல்றதுக்கு அதுல ஒண்ணுமே இல்லையே பாப்பா."

இல்லைதான். இருபத்து நான்கும் கேட்டு வாங்குகிற அட்டைகள். 'வேண்டாம்', 'போதும்', 'வலிக்குது', 'தனியா விடு' எதுவும் இல்லை. மறுநாள் 'வேண்டாம்' செய்து ஒட்டினேன். முதல் வாரம் முழுக்க அதை மட்டும்தான் பிடுங்கிப் பிடுங்கி எங்கள் கையில் திணித்தாள். என் கையில் மட்டும் ஒரே காலையில் பதினான்கு தடவை.

(இன்னொன்று. பயிற்சி முடிந்ததும் பலகையை ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. நம் வாயைக் கழற்றி மாட்டுவோமா?)

• • •

நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டதைச் சொல்கிறீர்கள். என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டதைச் சொன்னால் இங்கே சேருமா? நான் ஆட்டிச நிலையாளர், 34 வயதில்தான் அறிக்கை கைக்கு வந்தது. இதே மாதிரி ஒரு நிறுவனத்தில் கணக்கும் பதிவுகளும் பார்க்கிறேன்.

சேர்ந்த முதல் வாரக் கூட்டத்தில் மேஜையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் தனியாக அழைத்து, "என்ன, பேசினது பிடிக்கலையா? யார் மேலயாவது வருத்தமா?" என்று கேட்டார். அன்று பேசிய அத்தனை பேரின் அத்தனை வாக்கியமும் எனக்கு நினைவிருந்தது. கண்ணைப் பார்த்தால் எனக்குக் கண் மட்டும்தான் தெரியும், பேச்சு நழுவிவிடும். ஆட்டிசம் பற்றிப் பயிற்சி கொடுக்கிற இடத்திலேயே இந்தக் கேள்வி வந்தது என்பதுதான் வேடிக்கை. அந்த அறையின் டியூப்லைட் ரீங்காரம் எனக்கு ஊசி மாதிரி. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒளி, ஒலி, தொடுகை பற்றிய கூச்சமும் நாட்டமும் ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோலில் இடம் பிடித்ததே 2013-ல், டி.எஸ்.எம். என்கிற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில்தான், அதனால் பழைய ஆட்களைக் குறை சொல்லவும் முடியாது.

டேமியன் மில்டன் என்று ஓர் ஆய்வாளர், அவரும் ஆட்டிச நிலையாளர், 2012-ல் எழுதினார்: நாங்கள் உங்களைப் புரிந்துகொள்வதில் தடுமாறுகிறோம் என்றால் நீங்களும் எங்களைப் புரிந்துகொள்வதில் அதே அளவு தடுமாறுகிறீர்கள், சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று. முதல் தடவை படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து அறையைச் சுற்றி நடந்தேன்.

ஆனால் பெருமை அடிக்க எனக்கும் தகுதியில்லை. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வரப்போகிறாள் என்று தெரிந்ததும், எனக்குத் தெரியாததா என்று நானே அறையைத் தயார் செய்தேன். விளக்கைக் குறைத்தேன், திரைச்சீலை போட்டேன், மின்விசிறியை நிறுத்தினேன். அவள் வந்தாள், எல்லா விளக்கையும் போட்டாள். நான் அணைத்தேன். அவள் போட்டாள். ஐந்து தடவை. கடைசியில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே போய் நின்று முகத்தை மேலே தூக்கிச் சிரித்தாள். வெளிச்சத்தைத் தேடுகிற பிள்ளை அவள். எனக்கு ஊசி, அவளுக்கு மழை. அன்று முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவளோடு உட்கார்ந்திருந்தேன்.

• • •

நன்கொடையாளர் ஒருவர் பொருட்களோடு வந்தார், பிள்ளையோடு படம் வேண்டும் என்றார். பிள்ளை கையை உதறி முகத்தை மூடிக்கொண்டது. "ஒரே நிமிஷம்" என்று நான்தான் அதன் கையைப் பிடித்து இறக்கினேன். அந்தப் படம் ஆண்டறிக்கையில் வந்தது. கூச்சப்பட்டது என்று அன்றைக்கு நினைத்தேன். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

• • •

எங்கள் பதிவுப் படிவத்தில் வயதுக்கு ஒரு கட்டம் உண்டு, கணினியில் தேர்ந்தெடுக்கிற மாதிரி. 18-க்கு மேல் அது போகாது. எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை, 71 வயது அம்மா ஒருவர் 46 வயது மகனைக் கூட்டிக்கொண்டு வரும் வரை.

பொதுவாகவே ஆட்டிசம் என்றால் பிள்ளைகள் என்று நமக்குப் பழகிவிட்டது. கன்னர் 1943-ல் எழுதிய அந்த 11 பேரில் முதல் பிள்ளை டொனால்ட் ட்ரிப்லெட். அவர் வளர்ந்து, வங்கியில் வேலை பார்த்து, கோல்ஃப் விளையாடி, 2023-ல் 89 வயதில் இறந்தார். முதல் பிள்ளையே கிழவராகிப் போய்ச் சேர்ந்தாயிற்று, எங்கள் படிவம் இன்னும் 18-லேயே நிற்கிறது.

அந்த அம்மா ஒரே விஷயத்துக்குத்தான் வந்தார். "எனக்கப்புறம் இவனை யார் பார்த்துக்கறாங்களோ, அவங்க கையில கொடுக்க ஒரு புத்தகம் எழுதியிருக்கேன். தட்டச்சு செஞ்சு கொடுப்பீங்களா?" பச்சை அட்டை போட்ட நீள நோட்டு, 92 பக்கம். சட்டையின் கழுத்துப் பட்டையில் இருக்கும் லேபிளை வெட்டிவிட வேண்டும், வெட்டிய அடிக்கட்டை குத்தினால் அந்தச் சட்டையை இனிமேல் தொடவே மாட்டான். கதவு மணி திடீரென்று அடித்தால் அவனுக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது. பல் வலி வந்தால் சொல்ல மாட்டான், வலது காதைத் தேய்ப்பான். மருத்துவரிடம் போவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே நாள்காட்டியில் எழுதிக் காட்ட வேண்டும். எழுத்து நடுங்கிப்போன கடைசிப் பக்கங்கள் வரை இப்படியே.

நான்கு நாள் உட்கார்ந்து அடித்தேன். மகனும் கூட வருவார், ஜன்னலோரம் உட்கார்ந்து என் மேஜையில் இருந்த கிளிப்புகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டிருப்பார். அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவது அம்மா வேலை என்று எப்படியோ முடிவு கட்டிவிட்டிருந்தேன். எங்கள் மாதிரிப் படிவத்தில் 'பிடித்தவை' என்று ஒரு தலைப்பு இருந்தது. 92 பக்கத்திலும் தேடினேன். ஒரு வரி இல்லை. அம்மாவிடம் கேட்டேன். வாயைத் திறந்தார், மூடினார். "எது ஆகாதுன்னுதான் தெரியும்" என்றார்.

பிறகு திரும்பி மகனிடமே கேட்டார். "உனக்கு என்னப்பா பிடிக்கும்?"

கிளிப் கோக்கும் கை நின்றது. ரொம்ப நேரம். கேட்டது காதில் விழவில்லையோ என்று நான் திரும்பக் கேட்கப் போனேன், அம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். ஒரு முழு நிமிஷத்துக்கு மேலேயே போயிருக்கும்.

"வெள்ளிக்கிழமை" என்றார்.

ஏன் என்று அம்மா கேட்டார், பதில் இல்லை. கிளிப் கோக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்து, "அப்படியே அடிங்க" என்றார். அடித்தேன்.