காப்பி ஆகிட்டிருக்கும்போதே காணாமப்போற எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. வீட்டு டெஸ்க்டாப்ல 1 டிபி, 2 டிபின்னு ரெண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருக்கு. தனி அடாப்டர் இல்லாம யூஎஸ்பியிலயே கரண்ட் எடுக்கிற 2.5 இன்ச் வகை. சின்ன ஃபைலுக்குப் பிரச்சினை இல்ல. பெரிய வீடியோ காப்பி பண்ணா பாதியில 'டொய்ங்'னு ஒரு சத்தம், டிரைவ் மாயம்! பிடுங்கிச் சொருகினா திரும்ப வருது.

ரெண்டும் ஒண்ணா கெட்டுப்போகுமான்னு கம்ப்யூட்டரையே சந்தேகப்படறேன். கேபினெட் முன்பக்க போர்ட்லதான் தொல்லை அதிகம், பின்பக்கம் மதர்போர்டு போர்ட்ல கம்மி. யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்குக் கணக்கு 500 மில்லிஆம்பியர், 3.0க்கு 900. டிஸ்க் சுத்த ஆரம்பிக்கும்போது இன்னும் அதிகமா இழுக்குமாமே, கரண்ட் பத்தலையோ? கேபிள் மாத்தியாச்சு. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸ்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் (சும்மா இருக்கிற யூஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைக்கிற வசதி) ஆஃப் பண்ணியாச்சு. ஒண்ணும் மாறல.

டிஸ்க்கோட ஆரோக்கியத்தைப் பாக்கிற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர்ல 2 டிபி 'குட்'. 1 டிபி மட்டும் மஞ்சள்ல 'காஷன்', பெண்டிங் செக்டர் (சரியா படிக்க முடியாம சந்தேகத்துல இருக்கிற இடம்) 8னு காட்டுது. பயந்துபோய் அப்பா அம்மா அறுபதாம் கல்யாண போட்டோவை எல்லாம் முதல்ல வேற இடத்துக்கு மாத்திட்டேன்.

அடாப்டரோட வர்ற யூஎஸ்பி ஹப் (ஒரு போர்ட்டைப் பலதா பிரிக்கிற பெட்டி) வாங்கினா தீருமா, இல்ல கம்ப்யூட்டருக்குக் கரண்ட் குடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸையே பாக்கணுமா? கடைக்காரர் ஃபார்மட் பண்ணிடலாம்ங்கறார். எனக்கு மனசு வரல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.