அட்டையில கை கால் பாதிப்பு 60 சதவீதம். பராமரிப்பு உதவித்தொகை கிடைக்குமுங்களா?

கோபி அம்மா: வணக்கமுங்க. பையனுக்கு ஒம்பது வயசு, மூளை முடக்குவாதம். யூடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில கை கால் பாதிப்பு 60 சதவீதம்னு இருக்குது. மாசம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிக் குடுத்தேன், 75 இல்லாம ஆகாதுன்னு திருப்பிட்டாங்க. வீட்டுக்காரர் தறி ஓட்டறாரு. இவன விட்டுட்டு நான் வேலைக்குப் போக முடியறதில்லீங்க. வேற வழி இருக்குதுங்களா?

பவானி அக்கா: அம்மிணி, பையன் பேசறானா? சொன்னாப் புரிஞ்சுக்கறானா? அட்டை போடறப்ப அதப்பத்தி யாராச்சும் கேட்டாங்களா?

கோபி அம்மா: "ம்மா", "தா" ரெண்டுதானுங்க்கா பேச்சு. சோறு ஊட்டோணும். முகாம்ல எலும்பு டாக்டர் முட்டிய மடக்கிப் பார்த்தாரு, கால நீட்டிப் பார்த்தாரு, எழுதிட்டாரு. இவன் என் முந்தானையக் கடிச்சுட்டே உக்காந்திருந்தான். வேற ஒண்ணும் கேக்கலீங்க.

பவானி அக்கா: அங்கதான் விட்டுப்போச்சு. 75ங்கறது கை கால் பாதிப்புக்கு. அறிவுசார் குறைபாடு 40 சதவீதம் இருந்தாலே அதே 2000 உண்டு. கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்கிட்ட, அறிவுத்திறனையும் சேர்த்து மறுமதிப்பீடு வேணும்னு மனு குடு. ஜிஎச்ல மனநலப் பிரிவுக்கு அனுப்புவாங்க.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்க. அங்க உங்கிட்டத்தான் நெறையக் கேப்பாங்க: தானாச் சாப்பிடுவானா, பட்டன் போடுவானா, பாத்ரூம் வந்தாச் சொல்லுவானான்னு. எம் பொண்ணுக்குக் கேட்டப்ப, நாலு பேர் முன்னாடி விட்டுக்குடுக்க மனசில்லாம "எல்லாம் பண்ணுவாளுங்க"ன்னுட்டேன். தட்டு முன்னாடி உக்காருவா, அவ்வளவுதான். பெசஞ்சு ஊட்டறது நானு. அந்த ஒரு வார்த்தைக்கு மறுபடி ஒரு வருசம் அலைஞ்சேன். ரெண்டாவது தடவ உள்ளத உள்ளபடி சொன்னேன், 75 சதவீதம் போட்டாங்க. நீ என்ன செஞ்சுவிடறியோ அதச் சொல்லு, கண்ணு.

சத்தி அப்பா: அக்கா சொல்றது சரிங்க. ரெண்டு பாதிப்பு இருந்தா அப்படியே கூட்ட மாட்டாங்க, அதுக்குத் தனிக் கணக்கு. கை கால் 60-ம் அறிவுக் குறைபாடு 50-ம்னு வெச்சுக்கிட்டா 110 இல்ல, 76 சொச்சம் வரும். அதுவும் 75-ஐத் தாண்டிருது. அறிவுசார் குறைபாட்டுக்குப் பத்து வயசுல மறுபடி பார்க்கோணும்னு விதி இருக்குது, அதையும் மனுவுல எழுதுங்க. மனு குடுத்த ரசீத விட்டுறாதீங்க.

அப்புறம் நிராமயான்னு மத்திய அரசு மருத்துவக் காப்பீடு, அது போட்டாச்சுங்களா? மூளை முடக்குவாதத்துக்கு உண்டு. வருசம் 1 லட்சம் வரைக்கும், தெரபிச் செலவும் அதுல வரும். உதவித்தொகைக்குக் காத்திருக்காம இதத் தனியாப் போட்டுருங்க.

கோபி அம்மா: நிராமயா கேள்விப்பட்டதே இல்லீங்ணா. திங்கக்கெழம குறைதீர்க்கும் நாள்ல மனு குடுத்தர்றேன். அன்னைக்குப் பையனையும் தூக்கீட்டுப் போகோணுமுங்களா? ரெண்டு பஸ் மாறோணும்.

பவானி அக்கா: மனுவுக்கு வேண்டாம் சாமி, அட்டை நகலும் போட்டோவும் போதும். டெஸ்டுக்குத் தேதி குடுத்தப்புறம் கூட்டீட்டுப் போ. அன்னைக்கு வயித்துக்குக் குடுத்துட்டுப் போ, அழுதான்னா பாதியில எந்திரிச்சு வரும்படி ஆயிரும்.