புதுப்பிப்பு: கூத்து அறக்கட்டளையில் மக்கள் தொடர்புப் பயிற்சி, ஒரு மாதம் ஆகிவிட்டது

தெருக்கூத்துக்காக இயங்கும் ஒரு சிறு அறக்கட்டளையில் மக்கள் தொடர்புப் பயிற்சியில் சேரப்போகிறேன், செய்திக்குறிப்பு எழுதிப் பழக்கமில்லை, எங்கே தொடங்குவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதல் வாரம் ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கி 20 பத்திரிகைகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன், ஒரு பதிலும் வரவில்லை. அப்புறம் இங்கே ஒருவர் சொன்னபடி நேரடியாகத் தமிழிலேயே எழுதி, என்ன கூத்து, எந்த ஊர், எத்தனை மணிக்கு என்பதை முதல் பத்தியிலேயே வைத்து, காலை 11 மணிவாக்கில் நிருபர்களைப் போனிலும் அழைத்தேன். அதுதான் பலித்தது. இரண்டு நாளிதழ்களில் செய்தி வந்தது.

நான் எதிர்பார்க்காதது படம். மேடைப் படங்களை அனுப்பினால் ஒப்பனைப் படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். துரியோதனன் வேஷக்காரர் கைக்கண்ணாடியை முழங்காலில் சாய்த்துவைத்து, புருவத்துக்கு மேல் வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தேன், அதுதான் அச்சாகியது. படக்குறிப்பில் வெறுமனே 'கூத்துக் கலைஞர்' என்று போடாதீர்கள், அவர் பெயரையும் ஊரையும் கட்டாயம் போடுங்கள்.

இன்னொன்று. பங்குனி, சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் கலைஞர்கள் விடிய விடிய ஆடிவிட்டுப் பகலில்தான் தூங்குவார்கள். பேட்டிக்கு மாலை 4 மணிக்கு மேல் நேரம் கேளுங்கள். நான் காலை 9 மணிக்கு அழைத்து ஒரு பெரியவரை எழுப்பிவிட்டேன், இன்னும் வருத்தமாக இருக்கிறது.